வீடே வார்டு ஆகும்போது: பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

பெருந்தொற்று என்றதும் வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்ஃப்ளுயன்சாவோ கோவிட்டோ, நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலை மிதிக்காமலே வீட்டில் படுத்து எழுந்தவர்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது தாயோ கணவரோ அண்டை வீட்டுக்காரரோதான். படுக்கை காலி இல்லை, மருத்துவர் இருக்கும் இடம் தொலைவு, மருந்துக் கடையில் கேட்டதில் பாதி கிடைக்கவில்லை. இப்படி ஒரு நிலையில் அந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால் எங்கே தொடங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வைரஸை விரட்டும் வேலையை உடம்பு பார்த்துக்கொள்ளும். அது முடியும்வரை நீர் வற்றாமல் பார்ப்பது, நல்ல காற்று கிடைக்கச் செய்வது, மற்றவர்களுக்குப் பரவாமல் தடுப்பது, நிலைமை கைமீறினால் அதை நேரத்தோடு கண்டுபிடிப்பது ஆகியவை உங்கள் பொறுப்பு. 1918 இன்ஃப்ளுயன்சா காலத்தில் ஆன்டிபயாடிக் கிடையாது, அந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் கிடையாது. மருத்துவர்களைவிடச் செவிலியர்களுக்காகத்தான் பல ஊர்கள் தவித்தன. மருந்து இல்லாத இடத்தில் கவனிப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இங்கே சொல்வது பெரும்பாலும் மூச்சு வழியாகப் பரவும் நோய்களுக்கு. காலரா போன்ற பேதி நோய்களுக்கு நீர் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும். எபோலா போல ரத்தமும் உடல் திரவங்களும் பட்டாலே தொற்றும் நோய்களுக்கு வீட்டுப் பராமரிப்பு சரிப்படாது. அங்கே செய்ய வேண்டியது நோயாளியைத் தொடாமல் இருந்து சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்வதுதான்.

யாருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே

யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே ஒருவர் போதும். ஆளாளுக்கு மாறி மாறி அறைக்குள் போனால் வீடு முழுக்க நோய் வரும். அந்த ஒருவர் முடிந்தவரை தடுப்பூசி போட்டவராக, அல்லது அதே நோய் வந்து தேறியவராக இருக்கட்டும். கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர் வேண்டாம். அவருக்கும் உடம்புக்கு முடியாமல் போனால் அடுத்து யார் என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

அப்புறம், போவதற்கான வழி. நள்ளிரவில் மூச்சுத் திணறினால் எந்த வண்டி, யார் ஓட்டுவார், எந்த மருத்துவமனை, அங்கே ஆக்சிஜன் இருக்கிறதா, இரவில் திறந்திருக்குமா? இவற்றைப் பகலில், நிதானமாக இருக்கும்போதே விசாரித்து, எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், சார்ஜ் போன நேரத்தில் அது உதவாது.

சேர்த்து வைக்க வேண்டிய பொருட்கள் அதிகமில்லை: தெர்மாமீட்டர், பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், சோப்பு, பிளீச் திரவம், முகக்கவசம், வினாடி முள் உள்ள கடிகாரம், ஒரு நோட்டு, ஒரு பேனா. வாங்க முடிந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டர், அதாவது விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் சிறு கருவி. சில குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, துடைத்துத் துடைத்துப் பகிர்ந்துகொண்டாலும் போதும். வீட்டில் யாராவது ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ வலிப்புக்கோ தினமும் மருந்து சாப்பிட்டால் அதில் ஒரு மாத இருப்பு இருக்கட்டும். பெருந்தொற்றின்போது புதிய நோயால் மட்டும் ஆபத்து வருவதில்லை, பழைய நோயின் மருந்து தீர்ந்துபோவதாலும் வரும்.

அறையும் காற்றும்

தனி அறை இருந்தால் நல்லது. இல்லாத வீடுகள்தான் அதிகம். ஒரே அறைதான் என்றால் காற்று எந்தப் பக்கமாக உள்ளே வந்து எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று கவனியுங்கள். காற்று வெளியேறும் பக்கத்தில் நோயாளி, உள்ளே வரும் பக்கத்தில் மற்றவர்கள். இடையில் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி, இன்னும் கிடைத்தால் இன்னும் நல்லது. படுக்கும்போது ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால்மாடு வரும்படி படுங்கள். எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருந்தால் இரண்டையும் திறந்து வையுங்கள். மின்விசிறி இருந்தால் ஜன்னலில் வெளிப்பக்கம் நோக்கி வைத்தால் அறையின் காற்றை வெளியே தள்ளும். திரை போட்டு மறைப்பது பலருக்கு மனநிம்மதி தரும். ஆனால் காற்றோட்டத்தை அடைக்கும் திரையைவிடத் திறந்த ஜன்னல் எவ்வளவோ மேல் என்பேன். நோயாளி இருக்கும் அறையில் விறகடுப்பு, புகை, சிகரெட் எதுவும் கூடாது.

நோயாளியும் நீங்களும் ஒரே அறையில் இருக்கும் நேரத்தில் இருவரும் முகக்கவசம் போடுங்கள். மூச்சுத் திணறுகிறவருக்கும், தானாகக் கழற்ற முடியாதவருக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் போட வேண்டாம். அவர்கள் விஷயத்தில் உங்கள் முகக்கவசமும் ஜன்னலும்தான் பாதுகாப்பு.

கை கழுவுவதற்குக் குழாய் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் கேனில் வாயருகே சிறு துளை போட்டு, கம்பில் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் சாயும்படி கயிறு கட்டுங்கள். கை எதையும் தொட வேண்டியதில்லை, தண்ணீரும் கொஞ்சம்தான் செலவாகும். அறைக்குள் போகும் முன்பும், வந்த பின்பும், உணவு தொடும் முன்பும் சோப்புப் போட்டு 20 வினாடியாவது தேய்த்துக் கழுவுங்கள்.

பிளீச் விஷயத்தில் கணக்குத் தவறாமல் இருக்க வேண்டும். புட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல். கதவுப்பிடி, மேசை, கழிவறை ஆகியவற்றைத் துடைக்க அது போதும். ரத்தம், வாந்தி, மலம் சிந்திய இடத்துக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர். முதலில் அழுக்கை எடுத்துவிட்டு அதற்குப் பிறகு கரைசலை ஊற்ற வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் வீணாகும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். வினிகரோடும் அம்மோனியா உள்ள பொருட்களோடும் கழிவறை ஆசிட்டோடும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். ஆள் மேல் தெளிப்பது அர்த்தமில்லாதது, கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு.

நோயாளியின் தட்டையும் டம்ளரையும் சோப்பும் சூடான நீரும் கொண்டு கழுவினால் போதும். துணியை உதறாமல் எடுத்துப் போய்த் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளை, நேரத்தைக் குறித்து எழுதுங்கள்: காய்ச்சல், நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எவ்வளவு குடித்தார், எத்தனை முறை சிறுநீர் போனார், அது என்ன நிறம், என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தது, பேச்சு தெளிவாக இருக்கிறதா. தூக்கம் கெட்ட மூளை நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடும். தொலைபேசியில் பேசும் மருத்துவருக்கும் "கொஞ்சம் மோசமாக இருக்கிறார்" என்பதால் பயனில்லை. "நேற்று 18 மூச்சு, இன்று 26" என்றால் உடனே புரிந்துவிடும்.

மூச்சு எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நோயாளி சும்மா படுத்திருக்கும்போது, நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணப்போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. 20ஐத் தாண்டி வேளைக்கு வேளை ஏறினால் மருத்துவரிடம் பேசுங்கள். 30ஐ எட்டினால் புறப்பட வேண்டியதுதான். குழந்தைகள் இயல்பாகவே வேகமாக மூச்சு விடுவார்கள் என்பதால் அளவு வேறு: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ போனால் வேக மூச்சு என்று அர்த்தம். குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதன் அடிப்படையை 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டறிந்தார். 2020 ஏப்ரலில், உலகம் முழுக்க அந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் காலமானார். கோவிட்டில் சிலருக்கு ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகும் மூச்சுத் திணறல் தெரியவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுத்தது இதுதான். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, நகப்பூச்சை அழித்து, விரல் சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து எழுதுங்கள். 94க்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேசுங்கள். 90க்குக் கீழே என்றால் அவசரம். நிறம் கருத்தவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் எண் நன்றாக இருந்து ஆள் மோசமாகத் தெரிந்தால், ஆளை நம்புங்கள்.

நீர்

காய்ச்சல், வேக மூச்சு, வாந்தி, பேதி எல்லாமே உடம்பின் நீரை எடுக்கும். நோயாளி தாகம் என்று கேட்பார் எனக் காத்திருக்காதீர்கள், கேட்கத் தெம்பு இருக்காது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாகிக் குறைந்தால் போதவில்லை. இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரின் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சுத்தமா என்ற சந்தேகம் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையா? வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சில் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் தெளிவான தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் (PET) பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்துங்கள், மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள்.

பேதியோ வாந்தியோ இருந்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போக வேண்டும். குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது அது சோடியத்தையும் கூட அழைத்துப் போகிறது, சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகிறது. பேதி ஓடிக்கொண்டிருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. இதன் பலத்தை உலகம் பார்த்தது 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது. இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் இருந்த பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். குவளையில் எடுத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவப் பயிற்சி இல்லாத குடும்பத்தினர் ஒரு குவளையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், அதில் பொட்டாசியமும் இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. கொடுப்பதற்கு முன் வாயில் விட்டுப் பாருங்கள், கண்ணீரைவிட அதிகம் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்கும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன் என்று பொறுமையாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தாய்க்கு நோய் என்றாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிக் கொடுக்கலாம்.

கொடுக்க வேண்டிய மருந்து ஒன்று, கொடுக்கக் கூடாதவை பல

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. ஒல்லியானவர், மது அருந்துபவர், கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் இன்னும் குறைவாக, கேட்டுவிட்டுக் கொடுங்கள். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் என்றால் எத்தனை மில்லி? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. லேபிளைப் படிக்காமல் "ஒரு ஸ்பூன்" கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடலாம். சளிக்கென்று விற்கும் பல கலவை மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்ப்பது வேண்டாம், தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. ஸ்டீராய்டு விஷயம் இன்னும் சிக்கலானது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி என்ற மருத்துவ ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கோவிட் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று காட்டியது. செய்தியின் முதல் பாதியைக் கேட்டுவிட்டுப் பலர் முதல் நாளிலிருந்தே விழுங்கத் தொடங்கினார்கள். ஆய்வு சொன்னது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குப் பலன் உண்டு என்பதைத்தான். தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை, கெடுதல் நேரலாம் என்ற சந்தேகமும் இருந்தது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும். 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் அவ்வளவு பேரைத் தாக்கியதில் சர்க்கரை நோயோடு சேர்ந்து தவறான ஸ்டீராய்டு பயன்பாட்டுக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம், வைரஸை அது கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது மட்டும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

படுக்கையில்

மூச்சு சிரமமாக இருந்தால் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவையுங்கள். விழிப்போடு, தானாகத் திரும்பக்கூடியவராக இருந்தால் குப்புறப் படுக்கச் சொல்லலாம். நுரையீரலின் பின்பகுதி நன்றாக விரிந்து பலருக்கு ஆக்சிஜன் அளவு ஏறும். அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குப்புற, வலப்பக்கம், நிமிர்ந்து உட்கார்ந்து, இடப்பக்கம் என்று மாறலாம். சாப்பிட்டவுடன் கூடாது. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அரைமயக்கத்தில் இருப்பவருக்கும் கூடாது. இது மருத்துவமனைக்குப் போவதற்குப் பதிலாக அல்ல, போகும்வரைக்கும்தான்.

எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். குதிகால், இடுப்பெலும்பு, பிட்டத்தின் மேல்பகுதி சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வாயை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், வாய் காய்ந்தால் சாப்பிடவே தோன்றாது. முடிந்தவர்கள் நாளில் சில முறை எழுந்து உட்கார்ந்து நடக்கட்டும். ஆக்சிஜன் சிலிண்டரோ, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டியோ கிடைத்தாலும் எவ்வளவு வைப்பது என்பதைச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டே வையுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு அதிக ஆக்சிஜனும் கெடுதல். அதன் அருகில் நெருப்பு எந்த உருவத்திலும் கூடாது.

எப்போது புறப்படுவது

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்:

- ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாத மூச்சுத் திணறல், அல்லது நிமிடத்துக்கு 30 மூச்சு
- உதடோ முகமோ நீலம் அல்லது சாம்பல் நிறமாவது
- விடாத நெஞ்சுவலி, நெஞ்சில் அழுத்தம்
- குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காமல் சரிவது, வலிப்பு
- பாதி நாளாகச் சிறுநீரே இல்லை, நிற்க வைத்தால் மயக்கம்
- குழந்தைக்கு: மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது, எதையும் குடிக்க மறுப்பது, குடித்த எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, துவண்டு கிடப்பது

"விடியட்டும்" என்ற வார்த்தைதான் இந்த இடத்தில் அதிகம் கேட்கும். மூச்சு விஷயத்தில் அதைக் கேட்காதீர்கள். வண்டியில் ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் முகக்கவசம் போட்டு, நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள். நோட்டும், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளும் கூடவே போகட்டும்.

கோவிட்டில் முதல் அறிகுறி தெரிந்த ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரைதான் பலருக்கு நிலைமை திரும்பியது. முதல் மூன்று நாள் லேசாகப் போனதே என்று மூச்சு எண்ணுவதை நிறுத்திவிடாதீர்கள். இன்ஃப்ளுயன்சாவில் வேறு மாதிரி: காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி காய்ச்சல் ஏறி, சளி மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், அது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். 1918இல் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாதான். இன்று அதற்கு ஆன்டிபயாடிக் இருக்கிறது, மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு வாரமாவது நோட்டை மூடாதீர்கள். பார்த்துக்கொண்டவருக்கும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவருடைய காய்ச்சலையும் தினமும் ஒருமுறை எழுதி வையுங்கள்.